சூடாக்கினால் ஒரு பக்கம் சுருங்கும் உப்புப் படிகம்: எதைக் கொண்டு அளப்பது?

புதிதாகச் செய்த ஒரு கரிம உப்பு. 100 கெல்வினில் ஒரு படிக அமைப்பு எடுத்தாயிற்று, அறை வெப்பத்தில் இன்னொன்று. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரு அச்சு சூட்டில் நீள்வதற்குப் பதில் குறைந்திருக்கிறது. உடனே ‘எதிர் வெப்ப விரிவு’ என்று தலைப்பு போடக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு வெப்பநிலைகளை மட்டும் வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் சொல்ல முடியாது. அடுத்த சில வாரங்களை எந்த அளவீட்டில் செலவழிப்பது என்பதுதான் இப்போது முடிவு செய்ய வேண்டியது. ஒற்றைப் படிக எக்ஸ் கதிர், பொடி எக்ஸ் கதிர், டைலட்டோமீட்டர் (துண்டின் நீள மாற்றத்தை நேரடியாக அளக்கும் கருவி), சூடேற்றும் மேடை வைத்த நுண்ணோக்கி, கணினிக் கணக்கு என்று ஐந்து வழிகள் இருக்கின்றன. ஐந்தும் ‘விரிவுக் குணகம்’ என்ற ஒரே பெயரில் எண் தரும், ஆனால் ஐந்தும் ஒரே பொருளை அளப்பதில்லை. குழப்பமே அங்குதான்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுண்ணோக்கியில் ஒரு தடவை சூடாக்கிப் பாருங்கள், அப்புறம் ஒரே படிகத்தை வைத்து நிறைய வெப்பநிலைகளில் அலகுக்கூட்டின் (படிகம் முழுவதும் திரும்பத் திரும்ப அடுக்கப்படும் மிகச் சிறிய பெட்டி) அளவுகளை மட்டும் எடுங்கள். பெரும்பாலான உப்புகளுக்கு இது போதும். பொடியும் டைலட்டோமீட்டரும் எப்போது தேவை, எப்போது வீண் வேலை என்பதைக் கீழே சொல்கிறேன்.

எது வழக்கம், எது வழக்கத்துக்கு மாறு

எண்களை ஒரே அலகில் பேசுவோம்: ஒரு கெல்வின் சூடேறினால் நீளத்தில் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு மாறுகிறது என்பது. சுருக்கமாக பிபிஎம். சிலிக்கான் அறை வெப்பத்தில் சுமார் 2.6 பிபிஎம். கரிமப் படிகங்கள் இதைவிட எவ்வளவோ மென்மையானவை, அவற்றின் கன அளவு விரிவு பொதுவாக 150 முதல் 200 பிபிஎம் அளவில் இருக்கும், அதாவது ஒரு திசைக்குச் சராசரியாக 50, 60 என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் உங்கள் உப்பின் ஒரு அச்சு 70 பிபிஎம் விரிகிறது என்றால் அதில் செய்தி எதுவும் இல்லை. 100-ஐத் தாண்டினால்தான் ‘பிரம்மாண்ட விரிவு’ என்ற பட்டம் கிடைக்கும். அந்தப் பட்டத்தைப் பிரபலமாக்கியது 2008-ல் சயின்ஸ் இதழில் வந்த வெள்ளி ஹெக்சாசயனோகோபால்டேட் பற்றிய ஆய்வு: ஒரு திசையில் +130-க்கு மேல், இன்னொரு திசையில் −120-ஐத் தாண்டிய சுருக்கம். 2010-ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகக் குழு ஒரு எளிய டையால் (இரண்டு ஓஎச் குழுக்கள் கொண்ட ஆல்கஹால்) படிகத்தில் ஒரு திசையில் 500-ஐத் தாண்டும் விரிவையும் மற்ற இரண்டு திசைகளில் சுருக்கத்தையும் காட்டியது. அது உப்பு இல்லை என்றாலும், கனிமப் பொருள்களை வைத்துப் பழகிய கண்ணுக்கு அந்த எண்கள் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருக்கும். எதிர் விரிவு என்றதும் எல்லோரும் மேற்கோள் காட்டும் சிர்க்கோனியம் டங்ஸ்டேட் −9 பிபிஎம் அளவில்தான் சுருங்குகிறது. அதன் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது: எல்லாத் திசைகளிலும் சமமாகச் சுருங்குகிறது, கிட்டத்தட்ட தனிச்சுழி வெப்பநிலையிலிருந்து ஆயிரம் கெல்வின் வரைக்கும்.

உப்புகளில் நடப்பது பெரும்பாலும் அப்படி இல்லை. கன அளவு ஒழுங்காகக் கூடிக்கொண்டே இருக்கும், ஒரு அச்சு மட்டும் குறையும். காரணம் புரிந்துகொள்ள எளிதுதான். ஒரு அம்மோனியம் நேர்மின் அயனியும் ஒரு கார்பாக்சிலேட் எதிர்மின் அயனியும் சேர்ந்தால், மின்சுமையும் ஹைட்ரஜன் பிணைப்பும் கைகோத்த வலுவான சங்கிலி ஒரு திசையில் ஓடும். அதன் நீளம் சூட்டுக்கு லேசில் அசையாது. சங்கிலிக்கும் சங்கிலிக்கும் நடுவே இருப்பதோ ஆல்கைல் குழுக்களின் பலவீனமான உரசல், அது தாராளமாக விலகும். சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாக ஒரு கோணத்தில் சந்தித்தால், மடக்குக் கிராதிக் கதவு மாதிரி, ஒரு பக்கம் விரியும்போது மறுபக்கம் குறுகியே ஆக வேண்டும். கம்பிகளின் நீளம் மாறவில்லை, கோணம் மாறுகிறது. இந்தக் கோணக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதுவே பெரிய பொறியாக மாறப்போகிறது.

உப்புகளுக்கென்றே சில தொல்லைகளும் உண்டு. பெர்குளோரேட், டெட்ராஃப்ளூரோபோரேட் போன்ற உருண்டை எதிர்மின் அயனிகள் சூட்டில் சுழலத் தொடங்கும், அதற்கு இடம் கேட்கும். படிக நீர் மெல்ல வெளியேறும். சில அமில-கார ஜோடிகளில் ஹைட்ரஜன் பிணைப்பின் நடுவே புரோட்டான் வெப்பநிலைக்கேற்ப இடம் மாறும், யூரியா-பாஸ்பாரிக் அமிலம் இதற்குப் பேர்போன உதாரணம். இவற்றில் எது நடந்தாலும் வரைபடத்தில் ‘வழக்கத்துக்கு மாறான விரிவு’ மாதிரியே தெரியும்.

அணிக்கோவையின் நீளமா, பொருளின் நீளமா

எக்ஸ் கதிர் அளப்பது அலகுக்கூட்டை, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுங்கிய வலையமைப்பான அணிக்கோவையை. டைலட்டோமீட்டரும் நுண்ணோக்கியும் அளப்பது கையில் இருக்கும் துண்டை. குறையே இல்லாத படிகத்தில் இரண்டும் ஒன்றாக வர வேண்டும், நிஜத்தில் வராது. வராததே ஒரு தகவல்தான்: 1960-ல் சிம்மன்ஸ், பலுஃபி இருவரும் அலுமினியத்தை உருகுநிலை வரை சூடாக்கி, துண்டின் நீளத்தையும் அணிக்கோவையின் நீளத்தையும் ஒரே சமயத்தில் அளந்தார்கள். துண்டு கொஞ்சம் அதிகமாக நீண்டது. அந்த வித்தியாசத்திலிருந்து படிகத்துக்குள் எத்தனை அணு இடங்கள் காலியாகின்றன என்று கணக்கிட்டார்கள், உருகுநிலை அருகே பத்தாயிரத்தில் சுமார் 9 இடங்கள். இரண்டு முறைகளின் முரண்பாட்டையே கருவியாக்கிய வேலை, எனக்கு மிகவும் பிடித்தது.

உங்கள் முடிவுக்கு இதிலிருந்து வரும் கேள்வி ஒன்றுதான். மூலக்கூறுகள் எப்படி நகர்கின்றன என்று தெரிய வேண்டுமா? எக்ஸ் கதிர். அந்தப் படிகத்தை எதன் மேலாவது ஒட்டி ஒரு கருவிக்குள் வைக்கப்போகிறீர்களா? அப்படியானால் துண்டின் நீளம் தெரிய வேண்டும். இரண்டில் எது என்று முடிவு செய்யாமல் கருவிக்கு முன்பதிவு செய்பவர்கள் நிறையப் பேர். கடைசியில் ஒரு எண் கையில் இருக்கும், அதை வைத்து என்ன சொல்வது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

நுண்ணோக்கி: மலிவு, ஆனால் ஏளனம் வேண்டாம்

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 மில்லிமீட்டர் நீளமுள்ள ஊசிப் படிகம், 100 பிபிஎம் விரிவு, 100 கெல்வின் சூடேற்றம் என்றால் 1 சதவீதம், அதாவது 10 மைக்ரோமீட்டர். படத்தின் ஒரு பிக்சல் அரை மைக்ரோமீட்டர் என்றால் 20 பிக்சல் நகர்வு. கண்ணுக்கே தெரியும். 10 பிபிஎம் என்றால் 2 பிக்சல்தான், அதை நம்ப முடியாது. ஆக பிரம்மாண்ட விரிவைத் தேடுபவருக்கு இது உண்மையான அளவீடு, மற்றவர்களுக்கு முன்னோட்டம் மட்டும். விளிம்புகளுக்கு இடையிலான கோணத்தையும் குறித்துக்கொண்டால் பின்னால் அலகுக்கூட்டுக் கோணத்தோடு ஒப்பிடலாம், அதற்குப் படிகத்தின் முகங்களுக்கு முன்பே குறியிட்டிருக்க வேண்டும் என்பதுதான் கூடுதல் வேலை.

நான் இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம் அளவு எடுப்பது இல்லை, மோசடியைப் பிடிப்பது. படிகத்தை சிலிகோன் எண்ணெய்த் துளிக்குள் போட்டுச் சூடாக்குங்கள். நீரோ கரைப்பானோ வெளியேறினால் முகங்களில் சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பும். படிகம் ஒளி இழந்து வெளுக்கும். அந்த வெப்பநிலைக்கு மேல் வரும் ‘சுருக்கம்’ எல்லாம் வெறும் உலர்தல், அதை எதிர் விரிவு என்று எழுதினால் முதல் மதிப்பீட்டாளரே பிடித்துவிடுவார். அதோடு வெப்ப எடைப் பகுப்பாய்வு ஒன்றும் டிஎஸ்சி (சூடேறும்போது மாதிரி எவ்வளவு வெப்பம் உறிஞ்சுகிறது என்று பார்ப்பது) ஒன்றும் ஓட்டிவிட்டால் எந்த எல்லைக்குள் அளக்கலாம் என்பது தெளிவாகிவிடும்.

துள்ளும் படிகங்களும் இங்கே அகப்படும். ஆக்சிட்ரோப்பியம் புரோமைடு ஒரு மருந்து உப்பு, அறை வெப்பத்துக்குக் கொஞ்சம் மேலே சூடாக்கினால் படிகங்கள் தட்டிலிருந்து தெறித்துப் பறக்கும். 2010-ல் வந்த ஆய்வின்படி, நிலை மாற்றத்தின்போது அலகுக்கூட்டின் ஒரு அச்சு 11 சதவீதம் நீள்கிறது, இன்னொன்று 7 சதவீதம் குறைகிறது. இப்படிப்பட்ட உப்பை ஒற்றைப் படிகக் கருவியில் ஏற்றி அந்த வெப்பநிலையைத் தாண்டினால் படிகத்தைத் தாங்கும் சின்ன வளையத்தின் நுனியில் எண்ணெய் மட்டும்தான் மிஞ்சும். அதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள நுண்ணோக்கியின் முன் ஒரு மணி நேரம் உட்காருவதில் நஷ்டம் இல்லை.

ஒற்றைப் படிகம்: என் முதல் தேர்வு, பொறிகளோடு

இதன் பலம் தெளிவு. கரிம உப்புகள் பெரும்பாலும் மோனோகிளினிக் (பெட்டியின் ஒரு கோணம் மட்டும் செங்கோணம் அல்லாதது) அல்லது டிரைகிளினிக் (எந்தக் கோணமும் செங்கோணம் அல்லாதது), அதாவது நான்கு அல்லது ஆறு எண்கள் தனித்தனியாக மாறும். அவற்றை ஐயத்துக்கு இடமில்லாமல் பிரித்துத் தருவது ஒற்றைப் படிகம்தான். முழு அமைப்பும் கிடைக்கிறது என்பதால் எந்த ஹைட்ரஜன் பிணைப்பு நீண்டது, எந்தக் கோணம் திறந்தது என்றும் அங்கேயே பார்த்துவிடலாம்.

துல்லியம் எவ்வளவு? கருவி அச்சடித்துத் தரும் பிழை எண்ணை நம்பாதீர்கள், அது புள்ளிவிவரப் பிழை மட்டும். நடைமுறையில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு. 10 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) அச்சுக்கு அது 0.002 ஆங்ஸ்ட்ராம். 10 பிபிஎம் விரிவை 200 கெல்வின் இடைவெளியில் அளந்தால் மாற்றம் 0.02 ஆங்ஸ்ட்ராம், சரி, தெரியும். அதையே 20 கெல்வின் படிகளில் பார்த்தால் ஒவ்வொரு படிக்கும் 0.002, பிழையோடு சேர்ந்து கரைந்துபோகும். 100 பிபிஎம் என்றால் 20 கெல்வின் படியே தாராளம். எத்தனை வெப்பநிலைகளில் அளப்பது என்ற கேள்விக்கு இதுதான் விடை, வசதிக்கேற்றபடி நிர்ணயிக்கும் விஷயம் அல்ல.

100-ல் ஒரு படிகம், 300-ல் வேறொரு படிகம், இரண்டும் இரண்டு கருவிகளில், இரண்டு அலைநீளங்களில் எடுத்தது: தரவுக் களஞ்சியத்திலிருந்து இப்படி ஜோடி பொறுக்கி விரிவுக் குணகம் கணக்கிடுவது பழக்கமாகிவிட்டது. பல ஆயிரம் படிகங்களின் சராசரி வேண்டும் என்றால் அது நல்ல வழி. ஒரு குறிப்பிட்ட உப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றால் அது ஆதாரம் ஆகாது. ஒரே படிகம், ஒரே பொருத்தல், ஒரே கருவி.

வெப்பநிலையும் அப்படித்தான். திரையில் தெரிவது நைட்ரஜன் குழாயின் முனையில் உள்ள வெப்பநிலை, படிகம் இருப்பது அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி. சில கெல்வின் வித்தியாசம் சர்வ சாதாரணம். பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் படிகம் ஒன்றை வைத்து, அதன் சமச்சீர் 122, 123 கெல்வின் அருகே மாறுகிறதா என்று பார்த்தால் உங்கள் கருவி எவ்வளவு பொய் சொல்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒன்று, அந்த உலர்ந்த நைட்ரஜன் ஓட்டம் ஹைட்ரேட் உப்புகளுக்கு ஆகாது. அறை வெப்பத்திலேயே படிக நீரை உறிஞ்சிக்கொண்டு போய்விடும், எண்ணெய் பூசியிருந்தாலும்கூட.

இப்போது அந்தக் கோணப் பொறி. ஒரு மோனோகிளினிக் உப்பை எடுத்துக்கொள்வோம், நானே கற்பித்துக்கொண்ட எண்கள்தான்: ஏ அச்சு 8 ஆங்ஸ்ட்ராம், சி அச்சு 10, நடுக்கோணம் பீட்டா 110 டிகிரி. 200 கெல்வின் சூடாக்கியதில் ஏ மாறவில்லை, சி மாறவில்லை, பீட்டா மட்டும் 111 ஆகிவிட்டது. அட்டவணையைப் பார்ப்பவர் ‘இரண்டு திசையில் சுழி விரிவு’ என்று எழுதுவார். இதே படிகத்துக்கு வேறொரு ஆய்வாளர், முற்றிலும் நியாயமாகவே, ஏ-யையும் சி-யையும் கூட்டி வரும் மூலைவிட்டத்தை ஒரு அச்சாகத் தேர்ந்தெடுக்கிறார். அதன் நீளம் 10.45-லிருந்து 10.33 ஆகக் குறைகிறது: −60 பிபிஎம். இப்போது தலைப்பு ‘வலுவான எதிர் விரிவு’. இன்னொரு மூலைவிட்டமோ +30 பிபிஎம் நீள்கிறது. படிகம் ஒன்றுதான், நடந்ததும் ஒன்றுதான், அச்சை எப்படி வரைந்தோம் என்பதைப் பொறுத்துச் செய்தி தலைகீழாகிறது.

அதனால் மோனோகிளினிக், டிரைகிளினிக் உப்புகளுக்கு அலகுக்கூட்டு அச்சுகளின் குணகத்தை மட்டும் வெளியிடுவது எனக்கு ஏற்புடையதல்ல. எல்லா எண்களையும் சேர்த்து விகார டென்சர் (ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு நீண்டது, சுருங்கியது என்பதன் முழுக் கணக்கு) ஆக்கி, அதன் முதன்மை அச்சுகளை, அதாவது ஒன்றுக்கொன்று செங்குத்தாகவே இருந்து நீள்வதோ சுருங்குவதோ மட்டும் செய்யும் மூன்று திசைகளை, கண்டுபிடித்து, அந்தத் திசைகளின் குணகத்தைச் சொல்ல வேண்டும். இதற்கென்றே 2012-ல் கிளிஃப், குட்வின் இருவரும் வெளியிட்ட பாஸ்கல் என்ற இலவச நிரல் இருக்கிறது, அளவுகளை ஒட்டினால் போதும். மோனோகிளினிக் என்றால் ஒரு முதன்மை அச்சு பி அச்சோடு ஒட்டியே இருக்கும், மற்ற இரண்டும் அதற்குச் செங்குத்தான தளத்தில் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், வெப்பநிலையோடு திரும்பவும் செய்யலாம். டிரைகிளினிக்கில் எதுவும் நிலையில்லை. இதைச் செய்த பிறகும் எதிர்க் குறி நின்றால், அப்போது கொண்டாடலாம்.

பொடி: எப்போது இதற்குத் தாவுவது

மூன்று நிலைமைகளில் பொடி முந்துகிறது. நல்ல ஒற்றைப் படிகமே கிடைக்கவில்லை. அல்லது நிலை மாற்றத்தில் படிகம் நொறுங்குகிறது, துள்ளுகிறது, பொடி ஏற்கெனவே நொறுங்கியது என்பதால் அதற்குக் கவலை இல்லை. அல்லது மாற்றம் எந்த வெப்பநிலையில் தொடங்குகிறது, படிப்படியாகவா திடீரென்றா, ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே பாதையா என்று 2 கெல்வின் படிகளில் பின்தொடர வேண்டும். மூன்றாவதுக்கு ஒற்றைப் படிகத்தோடு மல்லுக்கட்டுவது நேர விரயம். சின்க்ரோட்ரானில் (மிகப் பிரகாசமான எக்ஸ் கதிர் தரும் பெரிய முடுக்கி நிலையம்) மெல்லிய கண்ணாடிக் குழலில் பொடியை நிரப்பிச் சுழலவிட்டால் லட்சத்தில் ஒரு பங்கு வரை அளவுகளை நம்பலாம்.

ஆனால் சாதாரண ஆய்வகக் கருவியில், தட்டையான தட்டில் பரப்பிய பொடியில், கதை வேறு. சூடேறும்போது தட்டும் அதன் தாங்கியும் நீள்கின்றன, மாதிரியின் மேற்பரப்பு உயர்கிறது, எக்ஸ் கதிர்ப் படத்தின் எல்லாச் சிகரங்களும் நகர்கின்றன. அந்த நகர்வு உங்கள் உப்பின் விரிவு மாதிரியே வேஷம் போடும். மருந்து எளிது: கொஞ்சம் சிலிக்கான் பொடியைக் கலந்து அதன் சிகரங்களை அளவுகோலாக்குங்கள். (சுவாரசியம் என்னவென்றால் அந்தச் சிலிக்கானே 120 கெல்வினுக்குக் கீழே சூட்டில் சுருங்கும் பொருள்தான். அளவு ரொம்பச் சின்னது, அட்டவணையும் இருக்கிறது, அதனால் பாதகம் இல்லை.)

உப்புகளுக்குப் பெரிய சிக்கல் சிகரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறுவது. டிரைகிளினிக் கூட்டில் ஆறு எண்களையும் விடுதலை செய்தால் படத்தோடு பொருத்திப் பார்க்கும் நிரல் ஏதாவது ஒரு விடை தந்துவிடும், அழகான பொருத்தமாகவும் இருக்கும், ஒரு கோணமும் ஒரு அச்சும் ஒன்றுக்கொன்று பிழையை மாற்றிக்கொண்டிருக்கும், உங்களுக்குத் தெரியாது. ஒற்றைப் படிகத்திலிருந்து மூன்று நான்கு வெப்பநிலைகளில் கிடைத்த அளவுகள் நங்கூரமாக இருந்தால் மட்டுமே நான் பொடியின் குறைந்த சமச்சீர் எண்களை நம்புவேன். ஊசி, தகடு வடிவப் படிகங்கள் ஒரே பக்கம் சாய்ந்து படுப்பதும் உண்டு. அரைக்கும்போது வேறு பல்லுருவத்துக்கு (அதே பொருளின் வேறு படிக அடுக்கு) மாறிவிடும் உப்புகளும் உண்டு, அரைத்த பிறகு அறை வெப்பத்தில் ஒரு படம் எடுத்து, ஒற்றைப் படிக அமைப்பிலிருந்து கணக்கிட்ட படத்தோடு ஒப்பிடாமல் மேலே போகாதீர்கள்.

சின்க்ரோட்ரானுக்குப் போவோர் கதிர்ச் சேதத்தையும் கணக்கில் வையுங்கள். தொடர்ந்து கதிர் பட்டால் கரிமப் படிகத்தின் அலகுக்கூடு தானாகவே பெரிதாகும். சூடாக்கிக்கொண்டே அளந்தால் இந்தப் பெருக்கமும் விரிவுக் கணக்கில் நைசாகச் சேர்ந்துகொள்ளும். குழலை நகர்த்திப் புதிய இடத்தில் கதிரை விழவைப்பது ஒன்றுதான் நிம்மதி.

டைலட்டோமீட்டர்: பெரும்பாலானோருக்கு வேண்டாம், சிலருக்கு இதை விட்டால் வழியில்லை

இங்கே இரண்டு ஜாதி இருக்கிறது, ஒன்றாகப் பேசக்கூடாது.

தள்ளுகோல் வகை, வெப்ப இயந்திரப் பகுப்பாய்வுக் கருவி என்பவை பொருளியல் ஆய்வகம் எல்லாவற்றிலும் இருக்கும். பொடியை வில்லையாக அழுத்தி ஒரு கோலை மேலே வைத்து நீளம் பார்ப்பது. கரிம உப்புக்கு இதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன். எல்லாத் திசைகளும் கலந்த சராசரிதான் வரும், +150-ம் −60-ம் சேர்ந்து ஒரு சாதுவான எண்ணாக மாறிவிடும், நீங்கள் தேடியதே அழிந்துபோகும். அழுத்தியதில் படிகத் தகடுகள் ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் அந்தச் சராசரியும் சரியான சராசரி அல்ல. ஒவ்வொரு துகளும் ஒவ்வொரு பக்கம் இழுப்பதால் வில்லைக்குள் நுண்விரிசல்கள் திறந்து மூடும், ஏறும் கோடும் இறங்கும் கோடும் பிரியும். மென்மையான உப்பு கோலின் சுமையிலேயே மெல்ல அமுங்கவும் செய்யும், அந்த அமுங்கலைச் சுருக்கம் என்று படிப்பது ரொம்ப எளிது. பெரிய ஒற்றைப் படிகம், பல மில்லிமீட்டர் அளவில், திசை குறித்து வெட்டியது கையில் இருந்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

மின்தேக்கி வகை டைலட்டோமீட்டர் முற்றிலும் வேறு ரகம். படிகத்தின் ஒரு முனை ஒரு மின்தேக்கித் தகட்டை நகர்த்துகிறது, மின்தேக்குத்திறன் மாறுவதைக் கொண்டு ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான நீள மாற்றத்தைக் காண முடிகிறது. எக்ஸ் கதிர் கிட்டவே வர முடியாத நுட்பம். பிஇடிடி-டிடிஎஃப் மூலக்கூறின் உப்புகள், அதாவது கரிம மீக்கடத்திகள், இந்தக் கருவியின் செல்லப் பிள்ளைகள். காப்பா வகைச் செப்பு டைசயனமைடு புரோமைடு உப்பில் மூலக்கூறின் முனையிலுள்ள எத்திலீன் குழுக்கள் சூட்டில் இரண்டு நிலைகளுக்கு இடையே மாறிக்கொண்டிருக்கும். குளிரவைத்தால் 75, 80 கெல்வின் அருகே அப்படியே உறைந்துவிடும், கண்ணாடி உறைவது போன்ற மாற்றம். விரிவுக் குணகத்தில் அங்கே ஒரு படி விழும், குளிர்விக்கும் வேகத்தை மாற்றினால் அந்தப் படியும் நகரும். அலகுக்கூட்டை 25 கெல்வின் படிகளில் எடுத்தவருக்கு இது கண்ணில் படாது. எவ்வளவு வேகமாகக் குளிரவைத்தோம் என்பது 11, 12 கெல்வினில் வரும் மீக்கடத்தலையே தொடும் என்பதால் இது வெறும் நுணுக்கம் இல்லை. அதே குடும்பத்தின் செப்பு சயனைடு உப்பில் 6 கெல்வின் அருகே உள்ள விசித்திரமும் 2010-ல் இப்படிப்பட்ட விரிவு அளவீட்டில்தான் திசைவாரியாகத் தெளிவாகத் தெரிந்தது.

ஆக, 77 கெல்வினுக்குக் கீழே மின்னணு, காந்த நிலை மாற்றங்களைத் துரத்துகிறீர்கள், மில்லிமீட்டர் அளவு படிகம் இருக்கிறது என்றால் எக்ஸ் கதிரில் நேரத்தைப் போடாதீர்கள், நேராக மின்தேக்கி டைலட்டோமீட்டர் வைத்திருக்கும் குழுவைத் தேடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அது ஒரு தடவைக்கு ஒரு திசைதான் பார்க்கும். மோனோகிளினிக் படிகத்தின் சாய்ந்த அச்சுகளில் முதன்மை அச்சு எங்கே நிற்கிறது என்று தெரிய மூன்றாவது திசையிலும் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன மூலைவிட்டக் கூத்து இங்கும் நடக்கும்.

கணினிக் கணக்கு

அளவீட்டுக்குப் பதிலாக வேண்டாம், அளவீட்டுக்கு விளக்கமாக வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலான ஈர்ப்பைத் திருத்திச் சேர்த்த அடர்த்திச் சார்புக் கோட்பாடு, அதன் மேல் பாதி இசைவு அதிர்வுக் கணக்கு (கன அளவு மாறும்போது அதிர்வுகளும் மாறுவதைச் சேர்த்துக்கொள்வது) என்று போனால் எந்த அதிர்வு எந்தத் திசையைச் சுருக்குகிறது என்று காட்டும், அது வேறு எந்த முறையிலும் கிடைக்காத விஷயம். ஒழுங்கான, நிலை மாறாத, சின்ன அலகுக்கூடு உள்ள உப்புக்கு இது நன்றாகவே வேலை செய்யும். எதிர்மின் அயனி சுழன்றுகொண்டிருந்தால், புரோட்டான் இடம் மாறிக்கொண்டிருந்தால், கணக்கு தரும் குறியைக்கூட நான் நம்பமாட்டேன்.

சரி, யார் எதை எடுப்பது

அறை வெப்பத்தை ஒட்டிய பகுதியில் ஒரு புதிய உப்பின் விசித்திர விரிவைச் சொல்லி அதன் இயங்குமுறையையும் விளக்க நினைப்பவர்: நுண்ணோக்கி, பிறகு ஒற்றைப் படிகம். வேறெதுவும் தேவையில்லை. துள்ளும் அல்லது நொறுங்கும் உப்பு: ஒற்றைப் படிகத்தில் மாற்றத்துக்கு முன் வரை, அதற்கு மேல் பொடி. படிகத்தை உணர்வி, இயக்கி என்று ஏதாவது செய்யப்போகிறவர் எக்ஸ் கதிரோடு நின்றுவிடக்கூடாது, அந்தத் துண்டையே நுண்ணோக்கியில் பலமுறை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பத்தாவது சுற்றில் விரிசல் விட்டால் அணிக்கோவையின் அழகான குணகத்தால் ஒரு பயனும் இல்லை. கரிமக் கடத்திகள், மீக்கடத்திகள் பக்கம் இருப்பவர்களுக்கு மேலே சொன்னபடி மின்தேக்கி. வில்லை அழுத்தி அளக்கும் வழி யாருக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை, கலவைப் பொருளில் இந்த உப்பை நிரப்பியாகச் சேர்க்கப்போகிறவரைத் தவிர, அவருக்கு வேண்டியதே சராசரிதான்.

ஒற்றைப் படிகக் கருவி ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் நான் செய்வது இதுதான். 300 கெல்வினில் முழு அமைப்பு. மெதுவாக 100-க்கு இறக்கி அங்கே இன்னொரு முழு அமைப்பு. பிறகு 25 கெல்வின் படிகளில் ஏறிக்கொண்டே அலகுக்கூட்டை மட்டும், ஒவ்வொரு படியிலும் படிகம் வெப்பநிலைக்கு வந்து சேர நேரம் விட்டு, ஒரே அளவு பிம்பங்கள், ஒரே உத்தியில். டிஎஸ்சியில் ஏதாவது மேடு தெரிந்த இடத்தில் மட்டும் படிகளை 5 கெல்வினாகக் குறைப்பேன். கடைசியாக 300-ல் மறுபடியும் ஒரு அலகுக்கூடு. காலையில் எடுத்த 300-ம் இந்த 300-ம் ஐயாயிரத்தில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போனால் தரவை டென்சருக்கு அனுப்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் நடுவில் எங்கோ நீரோ, கதிரோ, நிலை மாற்றமோ வேலையைக் காட்டியிருக்கிறது. அன்று எடுத்த குணகத்தை எங்கும் எழுதாமல், முதலில் எடைப் பகுப்பாய்வுக்கு ஒரு சிட்டிகை உப்பை அனுப்பிவிட்டு அடுத்த நாளைக்கு இன்னொரு படிகத்தைப் பொறுக்குங்கள்.